கஷ்ட காலத்துக்கு எந்த வேதாகமம்? தோட்டத்து வீடுகளுக்கான ஒரு மதிப்பீடு

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குள் போனால் சுவரில் வாக்குத்தத்த காலண்டர் தொங்கும். அலுமாரி மேல் வசன அட்டைகள் அடுக்கிய சின்னப் பெட்டி இருக்கும். வேதாகமம் துணியில் சுற்றி உள்ளே பத்திரமாக இருக்கும். இப்போது போனிலும் வேதாகமம் வந்துவிட்டது. நல்ல நாளில் இதில் எது கைக்கு அகப்பட்டாலும் ஒன்றுதான். வேலை நாள் குறைந்து அரைநாள் சம்பளமான அரைப்பேர் விழுகிற மாதத்தில், தாய் வெளிநாட்டு வேலைக்குப் போன வாரத்தில், மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயந்து பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிற இரவில் இந்த நாலில் எது உதவும், எது கைவிடும் என்பது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை. அதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பெரிய எழுத்தில் அச்சான முழு வேதாகமத்தை வாங்குங்கள். அடுத்ததாக, ஒலி வேதாகமத்தைப் போனில் இறக்கி வையுங்கள். அதற்குச் செலவு கிடையாது. புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் கொண்ட சிறிய புத்தகம் நோயாளி இருக்கும் வீட்டுக்கு நல்லது. வசன அட்டைப் பெட்டி கடைசி. காரணம் ஒன்றுதான்: துன்பத்தில் இருக்கிறவருக்கு வசனம் முழுதாக வேண்டும். முறைப்பாடும் காத்திருப்பும் சேர்ந்து வராத ஆறுதல் இரண்டு வாரம் தாண்டாது.

அட்டைப் பெட்டியிலிருந்து தொடங்குவோம். அதற்கும் நல்ல குணங்கள் உண்டு. விலை குறைவு, எழுத்து பெரிது, எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவரும் ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம், பிள்ளைகள் ஆசையாக எடுப்பார்கள். குறை எங்கே என்றால், அட்டையில் யார் சொன்னது, யாருக்குச் சொன்னது என்பது இருக்காது. புத்தகத்தின் பெயரும் எண்ணும்தான் இருக்கும். அதைத் தேடி எடுத்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் அதிகம் காணும் ஓர் அட்டை யோபு 8:7. துவக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு சம்பூரணமாக இருக்கும் என்கிற வசனம். அதைச் சொன்னவர் பில்தாத், யோபைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களில் ஒருவர். அதே அதிகாரத்தில் மூன்று வசனம் மேலே போய்ப் பாருங்கள்: யோபின் பிள்ளைகள் செத்தது அவர்கள் செய்த பாவத்துக்கான கூலி என்கிற பொருளில் பேசுகிறார். காற்றடித்து வீடு இடிந்து ஏழு மகன்மாரையும் மூன்று மகள்மாரையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். நீர் சுத்தமானவராக இருந்தால் தேவன் உம்மைத் திரும்ப உயர்த்துவார் என்பதுதான் அவர் வாதம். அட்டையில் இருக்கிற வரி அந்த வாதத்தின் வால். கடைசி அதிகாரத்தில், 42:7இல், இந்த நண்பர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று தேவனே கோபப்படுகிறார். அவர்கள் ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் பலியிட வேண்டி வந்தது. அவர்களுக்காக யோபுதான் ஜெபிக்க வேண்டியதாயிற்று. மண்சரிவில் பிள்ளையை இழந்த ஒரு வீட்டில் இந்த அட்டையை நீட்டுகிறவர் நல்ல மனதோடுதான் நீட்டுகிறார். ஆனால் நீட்டுவது பில்தாத்தின் பேச்சை.

இன்னொன்று எரேமியா 29:11. சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வருகிற அந்த வசனம் தேவனின் வாய்ச்சொல், சந்தேகமில்லை. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு முந்திய வசனத்திலேயே 70 வருஷம் என்று கணக்குச் சொல்லியாயிற்று. 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று ஜனங்களுக்கு முன்னால் அறிவித்திருந்தார். அவர் சொன்னது பொய். எரேமியாவின் கடிதம் சொல்வது வேறு: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். 1948இல் குடியுரிமை பறிபோய், இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைக்கணக்குப் பார்த்துப் பிரிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைத்த சமூகம் நம்முடையது. இந்தக் கடிதம் யாருக்குப் புரியாவிட்டாலும் நமக்குப் புரியும். 11ஆம் வசனத்தை மட்டும் அட்டையில் எடுத்துக்கொண்டு 70 வருஷத்தை விட்டுவிட்டால், தேயிலைச் செடியின் கிளைகளை நறுக்கிக் கவ்வாத்து வெட்டிய மலையில் மறுவாரமே கொழுந்து தேடுகிற மாதிரி ஆகிவிடும். கொழுந்து இல்லை என்றதும் கடவுளே இல்லை என்று மனம் உடையும். வாக்குத்தத்தம் பொய்த்தது என்று சபையை விட்டு ஒதுங்குகிறவர்கள் பலரிடம் நடந்தது இதுதான்.

அட்டை வீட்டில் ஏற்கெனவே இருந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. எடுத்த அட்டையின் இடத்தை வேதாகமத்தில் கண்டுபிடித்து, மேலே பத்து வசனம், கீழே பத்து வசனம் வாசியுங்கள். பேசுகிறவர் பெயரையும் கேட்கிறவர் பெயரையும் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். கொஞ்ச நாளில் பெட்டியில் எந்த அட்டைகள் பாரம் தாங்கும் என்று வீட்டுக்கே தெரிந்துவிடும். ஏசாயா 43:2 தாங்கும்: தண்ணீர்களைக் கடக்கும்போது என்றுதான் அது சொல்கிறது, தண்ணீரே வராது என்று சொல்லவில்லை. தேவன் நமக்கு அடைக்கலம் என்கிற சங்கீதம் 46:1 தாங்கும். சகலமும் நன்மைக்கேதுவாக நடக்கும் என்கிற ரோமர் 8:28 தாங்கும், ஆனால் 18ஆம் வசனத்திலிருந்து வாசித்தால்தான். சிருஷ்டி முழுவதும் தவிப்பதையும் நாமும் உள்ளுக்குள் தவிப்பதையும் சொல்லிவிட்டுத்தான் பவுல் அந்த வரிக்கு வருகிறார். செத்த வீட்டில் முதல் நாள் அந்த ஒரு வசனத்தை மட்டும் தனியே எடுத்துச் சொல்லாதீர்கள்.

சரி, முழு வேதாகமம். எந்த மொழிபெயர்ப்பு என்பது முதல் கேள்வி. புரட்டஸ்தாந்து சபைகளில் பெரும்பாலும் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு, மேலட்டையில் ஓ.வி. (Old Version) என்று போட்டிருக்கும். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது, 66 புத்தகங்கள். கத்தோலிக்க வீடுகளில் திருவிவிலியம் என்கிற 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு. தோபித்து, மக்கபேயர் முதலானவை சேர்ந்து 73 புத்தகங்கள். தோட்டத் தொழிலாளரிடையே வேலை செய்த தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கிய காலம் முதலே தமிழ் வேதாகமம் இந்த மலைகளில் புழங்கி வருகிறது. பழைய ஆட்களுக்கு அந்த நடை காதில் ஊறிப்போன ஒன்று. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு சங்கீதம் 23ஐ ஓ.வி. நடையில் சொல்லுவார், வேறு நடையில் வாசித்தால் பாதியில் நிறுத்திவிடுவார். அதனால் வீட்டில் வயதானவர் இருந்தால் அவர் காதுக்குப் பழகியதையே வாங்குங்கள். துக்கத்தில் புது வார்த்தை பழக யாருக்கும் தெம்பு இருக்காது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓ.வி. கஷ்டம். சொற்கள் புணர்ந்து நீளமாக வரும், எங்கே மூச்சு விடுவது என்று தெரியாது. திருவிவிலியத்தில் பகுதிக்குப் பகுதி தலைப்பும் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரையும் இருப்பதால் யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்பது உடனே பிடிபடும். மேலே சொன்ன பில்தாத் சிக்கல் அதில் வாசிக்கிறவருக்கு அவ்வளவாக வராது. எளிய தமிழில் வந்திருக்கும் பதிப்புகள் கதைப் பகுதிகளுக்கு நன்றாக இருக்கின்றன. புலம்பலையும் சங்கீதத்தையும் அவற்றில் வாசித்தால் கனம் குறைவதாக எங்களுக்குப் படுகிறது. சத்தமாக வாசிக்கும்போது வரி நிற்கவில்லை.

எழுத்தின் அளவுதான் அடுத்தது. உண்மையில் இதுதான் முதலாவதாக இருக்க வேண்டும். நாற்பது வயது தாண்டியதும் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கும். நம் வீடுகளில் இரவு வாசிப்பு ஒரு 5 வாட் பல்புக்குக் கீழே, சில நேரம் மெழுகுவர்த்தியில். தமிழில் புள்ளியும் கொம்பும் சின்னவை. எழுத்து சிறுத்தால் ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும், ‘ி’க்கும் ‘ீ’க்கும் வித்தியாசம் தெரியாது. கடையில் வெளிச்சம் நன்றாக இருக்கும், அங்கே பார்த்து ஏமாறாதீர்கள். கடையின் உள் மூலைக்கு எடுத்துப் போய், புத்தகத்தைக் கண்ணிலிருந்து 40 சென்ரிமீற்றர் தூரத்தில், அதாவது ஒன்றரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட, பிடித்து சங்கீதம் 119இல் நாலு வசனம் சத்தமாக வாசிக்க வையுங்கள். யார் வாசிக்கப் போகிறாரோ அவரே வாசிக்க வேண்டும். தடுமாறாமல் வந்தால் சரி. 12 புள்ளிக்குக் குறைந்த எழுத்து வயதானவருக்கு வேண்டாம். பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், படுக்கையில் இருப்பவர் தூக்க முடியாது. அவருக்குப் புதிய ஏற்பாடும் சங்கீதமும் உள்ள சிறிய புத்தகமும் ஒரு வாசிப்புக் கண்ணாடியும் வாங்குவது நல்லது. அதில் யோபு, ரூத், புலம்பல், ஆபகூக் இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கஷ்ட காலத்துக்கு இந்த நாலும் பெரிய இழப்பு.

கட்டு எப்படி என்று பாருங்கள். புத்தகத்தை நடுவில் விரித்தால் மடிப்பின் உள்ளே நூல் தெரிந்தால் தைத்த கட்டு, மேசையில் தட்டையாகக் கிடக்கும். நூல் தெரியாமல் பசை மட்டும் தெரிந்தால் அது ஒட்டுக் கட்டு. குளிரில் பசை இறுகி, சில வருஷத்தில் முதுகு வெடித்துப் பக்கங்கள் கொத்தாகக் கழன்று வரும். ரெக்சின் உறை ஈரத்தில் உரியும், ஆனால் உள்ளே கட்டு நன்றாக இருந்தால் அது பெரிய குறை இல்லை. இழுத்துப் பூட்டும் சிப் (zip) வைத்த உறை வேண்டாம்: உலோகச் சிப் நம் மூடுபனியில் துருப்பிடிக்கும், பக்க ஓரங்களையும் கடிக்கும். இயேசுவின் வார்த்தைகள் சிவப்பில் அச்சான பதிப்பு மஞ்சள் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும். ஓரத்தில் விரல் வைக்க வெட்டிய பதிப்பில் சங்கீதத்தின் வெட்டுத்தான் முதலில் கிழியும். தாள் மெல்லியதாக இருந்து மறுபக்க எழுத்து தெரிந்தால் பின்னால் ஒரு கறுப்புத் தாளைச் செருகி வாசியுங்கள், மறைந்துவிடும்.

ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் மே மாதம் முதல் செப்டெம்பர் வரைக்கும் புத்தகத்துக்குப் பெரிய எதிரி ஈரம். துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடிப்பது அதனால்தான். பிஸ்கட் டின்னும் அப்படியே. பருத்தித் துணி மட்டும் போதும்; மழை அடிக்கிற வெளிச்சுவரில் சாய்க்காமல் உள்சுவர் தட்டில் நிமிர்த்தி வையுங்கள். அடுப்புக்கு மேல் காய்ந்திருக்கும், ஆனால் புகைக்கரி தாளைப் பழுப்பாக்கும். தினமும் திறக்கிற புத்தகத்தில் காற்று புகுந்து போவதால் பூஞ்சணம் குறைவு. வருஷத்துக்கு இரண்டு முறை திறக்கிற புத்தகம்தான் முதலில் கெடும். பூஞ்சணம் வந்துவிட்டால் வாயில் துணி கட்டிக்கொண்டு, வெளியில் வைத்து, காய்ந்த மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கும். நிழலில் விரித்து வைக்கலாம், உச்சி வெயில் வேண்டாம்.

முழுக்க நனைந்தால் 48 மணி நேரம்தான் கையில் இருக்கிறது, அதற்குப் பிறகு பூஞ்சணம் தொடங்கும். பக்கங்களைப் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள். இருபது பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத் தாளோ டிஷ்யூவோ செருகி, சில மணிக்கொரு முறை மாற்றுங்கள். பழைய பத்திரிகைத் தாளின் மை ஒட்டும், அது வேண்டாம். முக்கால்வாசி காய்ந்ததும் பலகை வைத்து அழுத்தினால் தாள் நெளியாது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், அம்பர், சிவப்பு என்று மூன்று படியில் கொடுக்கிறது. சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை என்பது அந்த நிலை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மலைநாட்டில் யாரும் மறக்கவில்லை. கடவுள் காப்பார் என்று தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே உட்கார்ந்திருப்பதை விசுவாசம் என்று யார் போதித்தாலும் கேட்காதீர்கள். தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதி என்று சொன்னவனுக்கு இயேசு கொடுத்த பதில் மத்தேயு 4:7இல் இருக்கிறது: தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது. அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பிறப்புச் சான்றிதழோடு சின்ன வேதாகமத்தையும் பூட்டும் பொலித்தீன் உறையில் போட்டுப் பையில் தயாராக வையுங்கள். சில நாட்களுக்கு என்றால் பொலித்தீனால் கெடுதல் இல்லை.

வாங்கியாயிற்று. எதை வாசிப்பது? முன்னட்டைக்குள் ஒரு சின்னத் தாளை ஒட்டி எழுதி வைக்கச் சொல்வோம், ஏனென்றால் கஷ்டம் வந்த பிறகு தேட மனம் வராது.

பதில் வராமல் ஜெபம் இழுபடும்போது சங்கீதம் 13. ஆறே வசனம், இரண்டு நிமிடம் ஆகாது. முதல் இரண்டில் எதுவரைக்கும் என்று நாலு முறை கேட்கிறார், அடுத்த இரண்டில் வேண்டுகிறார், கடைசி இரண்டில்தான் நம்புகிறேன் என்கிறார். இந்த வரிசையை மாற்றக் கூடாது. துக்கத்தில் இருப்பவரை நேரே 5ஆம் வசனத்துக்கு இழுத்துப் போகிறவர்கள்தான் அதிகம். முதல் இரண்டு வசனமும் வேதம்தான், தேவனிடம் முறையிட அவரே கொடுத்த வார்த்தைகள். மனச்சோர்வு விடாமல் பிடித்திருந்தால் 42ஐயும் 43ஐயும் ஒன்றாக வாசியுங்கள். தன் ஆத்துமாவையே கேள்வி கேட்கிற அதே வரிகள் மூன்று முறை திரும்ப வரும். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஒரு சொல் ஆறுதல் இல்லை. அதையும் வாசிக்கலாம். முடிவில் தாமாகவே ஓர் ஆறுதலைச் சேர்த்துப் பிரசங்கம் பண்ண வேண்டாம். அப்படியே விட்டு ஆமென் சொல்லுங்கள்.

இழப்புக்குப் புலம்பல். ஐந்து அதிகாரம், 1, 2, 4, 5 ஒவ்வொன்றிலும் 22 வசனம், நடுவிலுள்ள மூன்றாவதில் 66. அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்கிற வசனம் அந்த மூன்றாவதின் 22, 23ஆம் வசனங்களில் வருகிறது. புத்தகம் அதோடு முடியவில்லை. கடைசி வசனத்திலும் எங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீரோ என்கிற கலக்கம்தான். ஒரு நாளில் ஓர் அதிகாரம் என்று ஐந்து நாள் வாசிப்பது சரியான அளவு.

ஊர் விட்டு ஊர் போகிற காலத்துக்கு ரூத். நாலு அதிகாரம், 85 வசனம். பஞ்சத்தில் பிழைக்கப் போய், கணவனையும் இரண்டு மகன்மாரையும் புதைத்துவிட்டு, இனி என்னை நகோமி (இனிமை) என்று கூப்பிடாதீர்கள், மாராள் (கசப்பு) என்று கூப்பிடுங்கள் என்று ஒரு தாய் சொல்கிறாள். பஞ்சம் பிழைக்கக் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதில் விளக்கவுரை தேவையில்லை. அவளுடைய மருமகள் ரூத் அடுத்தவன் வயலில் கதிர் பொறுக்கி மாலையில் அளந்து பார்க்கிற இடம் (2:17) கொழுந்து நிறுக்கிற யாருக்கும் உடனே விளங்கும்.

வருமானம் விழுந்த காலத்துக்கு, 2021இல் இரசாயன உர இறக்குமதி நின்று 2022இல் விலை ஏறியபோது நாம் பார்த்தது போன்ற காலத்துக்கு, ஆபகூக். மூன்று அதிகாரம், மொத்தம் 56 வசனம். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்கிற 3:17ஐ மட்டும் எடுக்காமல் முதலிலிருந்து வாசியுங்கள். அது தேவனோடு வழக்காடுவதில்தான் தொடங்குகிறது. கூடவே யாத்திராகமம் 16, வனாந்தரத்தில் தேவன் அன்றன்றைக்குக் கொடுத்த உணவான மன்னா. சேர்த்து வைத்தது புழுத்து நாறியது. ஆறாம் நாளுக்கு மட்டும் இரட்டிப்பு. லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனி வீட்டுக்குப் போகிற குடும்பத்துக்கு யோசுவா 5:12ஐச் சேர்த்து வாசிக்கச் சொல்வோம்: தேசத்தின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாளே மன்னா நின்றுவிடுகிறது. நாற்பது வருஷம் வந்த ஒன்று நின்றதும் தேவன் விட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை, வழி மாறியிருக்கிறது. மாற்றக் காலத்தின் பயம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வாசிக்கிற முறை: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மொத்தம் எட்டு நிமிடத்துக்கு மேல் போகாமல். விடியுமுன் எழும்பி, காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணை அரை மணி நேரம் உட்கார வைத்தால் மூன்றாம் நாள் குடும்ப ஜெபம் நின்றுபோகும். ஒருவர் மெதுவாக வாசிக்க, சங்கீதமாக இருந்தால் ஒரு வசனம் அவர், மறு வசனம் மற்றவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால் அரை வசனமாகச் சொல்லிக் கொடுத்துத் திரும்பச் சொல்ல வையுங்கள். முடிந்ததும் ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, கஷ்டத்தைப் பேர் சொல்லி ஜெபியுங்கள்: கடன் என்றால் கடன், வைத்தியசாலை என்றால் வைத்தியசாலை. ஒரு வாரம் ஒரே சங்கீதம் போதும். பிசகுவது எங்கே என்றால், ஜெபம் என்ற பேரில் கஷ்டப்படுகிறவருக்குப் புத்தி சொல்லத் தொடங்குவதில். யோபின் நண்பர்கள் செய்த ஒரே சரியான காரியம் ஏழு நாள் இராப்பகலாக வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது (2:13). நாலாம் அதிகாரத்தில் பேசத் தொடங்கியதும் கெட்டது.

ஒலி வேதாகமம் பற்றிக் கொஞ்சம். டேட்டாவில் கேட்காமல், டவுனில் வைஃபை கிடைக்கும்போது இறக்கி வையுங்கள். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பிதான். பழைய போனின் மெமரி கார்ட்டிலும் நிறைய அடங்கும். பின்னணி இசையோடு நாடகமாகப் பேசுகிற பதிப்பு ரூத்துக்கும் யோபுக்கும் நன்றாக இருக்கிறது. புலம்பலுக்கும் சங்கீதத்துக்கும் ஒரே குரல் வாசிக்கிற பதிப்பே மேல், இசை அழுகையை அவசரப்படுத்துகிறது. வேகத்தை 0.75க்குக் குறைத்தால் வயதானவர்களுக்குப் பிடிபடும். தகரக்கூரையில் மழை விழுந்தால் போன் ஸ்பீக்கர் கேட்காது. கொழுந்து மலையில் இயர்போன் போடுகிறவர்கள் ஒரு காதுக்கு மட்டும் போடுங்கள். குளவி கலைந்தால் பக்கத்திலிருப்பவர் கத்துவது கேட்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது போன்கள் செத்துக் கிடந்தன. போன் இருக்கிறது என்று புத்தகத்தை விட்டுவிட வேண்டாம் என்பதற்கு அது ஒன்றே போதும்.

பழைய புத்தகத்தில் சங்கீதப் பக்கங்கள் கழன்றிருந்தால் புதிது வாங்கும் முன் ஒட்டிப் பாருங்கள். செலோடேப் வேண்டாம்: சில வருஷத்தில் மஞ்சளாகி, நம் ஈரத்தில் பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். கழன்ற தாளின் உள்ஓரத்தில் இரண்டு மில்லிமீற்றர் அகலத்துக்கு மட்டும் வெள்ளைப் பசையைத் தீக்குச்சியால் தடவி, மடிப்பின் அடிவரை தள்ளிச் செருகி, இரண்டு பக்கமும் மெழுகுத்தாள் வைத்துப் புத்தகத்தை மூடிப் பாரம் ஏற்றுங்கள். வெயில் காலத்தில் ஓர் இரவு போதும். மழை மாதங்களில் இரண்டு நாள் தொடாமல் விடுங்கள்.